ஓர் ஈ, ஒரு நாடகம், ஒரு பள்ளிச் சுவர்

ஜப்பானின் தென்மேற்குக் கோடியில், தைவானுக்கு அருகே சிதறிக் கிடக்கும் யயேயாமா தீவுகளில் 1919-ஆம் ஆண்டு ஒரு புதிய ஈ தென்பட்டது. வீட்டு ஈ அளவுதான் இருக்கும். செம்பழுப்பு உடம்பு, அதில் மஞ்சள் பட்டைகள், சிறகில் கருந்திட்டுகள். பார்க்க அழகுதான், செய்கிற வேலை கொடியது. பாகல், வெள்ளரி, பூசணி, தர்பூசணி என்று கொடியில் காய்க்கும் எதையும் அது விடவில்லை. பெண் ஈ பிஞ்சின் தோலைத் துளைத்து முட்டையிட்டது. புழுக்கள் உள்ளிருந்தபடியே சதையைத் தின்று தீர்த்தன. வெளியே பச்சைப் பசேலென்று தொங்கிய காயை அரிந்தால் உள்ளே கூழும் புழுவும்தான். தமிழ்நாட்டில் பாகல் பந்தல் போட்டவர்கள் பொறி கட்டித் தொங்கவிடுவதும் இந்தப் பழ ஈக்காகத்தான். தீவுக்காரர்கள் அதைத் தங்கள் ஊர்த் தொல்லை என்று நினைத்திருந்தார்கள். அது அங்கேயே இருந்துவிடவில்லை.

1929-இல் மியாக்கோ தீவுகளுக்குத் தாவியது. பிறகு நெடுங்காலம் அங்கேயே தங்கியது. நடுவில் போர் வந்தது. 1945-இல் ஒகினாவா மண்ணில் நடந்த சண்டையில் ஊர்கள் தரைமட்டமாயின. அதன்பின் 27 ஆண்டுகள் அந்தத் தீவுகள் அமெரிக்க ஆட்சியின் கீழ் இருந்தன. 1970-இல் ஈ மீண்டும் கிளம்பி குமே தீவை எட்டியது. 1972 மே 15 அன்று ஒகினாவா ஜப்பானுக்குத் திரும்பக் கிடைத்தது. தாய்நாட்டுச் சந்தை இனித் தங்களுக்குத் திறக்கும் என்று விவசாயிகள் காத்திருந்த அதே ஆண்டில், ஒகினாவாவின் பெருந்தீவிலேயே அந்த ஈ பிடிபட்டது.

கதவு அறைந்து சாத்தப்பட்டது. ஈ பரவிய தீவுகளிலிருந்து கொடிக் காய்கள் எதுவும் ஜப்பானின் பிற பகுதிகளுக்குப் போகக் கூடாது என்று தாவரப் பாதுகாப்புச் சட்டம் தடுத்தது. ஒகினாவாவின் ஒவ்வொரு சமையலறையிலும் கோடைக்காலம் முழுக்க மணக்கும் காய் ஒன்று இருந்தது. அங்கே அதற்குக் கோயா என்று பெயர். நாம் பாகற்காய் என்கிறோம். டோஃபுவும் முட்டையும் சேர்த்து அதைப் புரட்டி எடுக்கும் சம்ப்பூரு அவர்களுடைய அன்றாட உணவு. அந்தக் காய் இப்போது தீவை விட்டு நகர முடியாத கைதியானது. டோக்கியோவில் வளர்ந்த பிள்ளைகளில் பெரும்பாலோர் அதைக் கண்ணால் கண்டதுகூட இல்லை. அதை விடுவிக்கும் வழி, உலகத்தின் மறுபக்கத்தில், காய்கறிக்கும் ஜப்பானுக்கும் சம்பந்தமே இல்லாத ஓர் ஆராய்ச்சியில் ஏற்கெனவே கண்டுபிடிக்கப்பட்டிருந்தது.

எட்வர்ட் நிப்ளிங் என்ற அமெரிக்கப் பூச்சியியலாளர் மாடுகளின் புண்ணில் முட்டையிட்டு அவற்றை உயிரோடு தின்னும் ஓர் ஈயைப் பல ஆண்டுகளாகக் கவனித்து வந்தார். அந்தப் பெண் ஈ வாழ்நாளில் ஒரே ஒருமுறைதான் இணைசேரும். அப்படியானால், மலடாக்கிய ஆண் ஈக்களைக் கோடிக்கணக்கில் வெளியே விட்டால்? அவற்றோடு சேர்ந்த பெண் ஈயின் முட்டை பொரிக்காது. ஈயை வைத்தே ஈயை ஒழித்துவிடலாம். 1930-களில் அவர் மனதில் விழுந்த இந்த எண்ணத்தைப் பலரும் பைத்தியக்காரத்தனம் என்றார்கள். மலடாக்குவது எப்படி என்று அவருக்கே தெரியாது. கதிர்வீச்சால் அது முடியும் என்று பின்னால் தெரியவந்தபோது, ஃபுளோரிடா கரையை ஒட்டிய சனிபெல் என்ற சிறு தீவில் சோதித்துப் பார்த்தார்கள். ஈக்கள் குறைந்தன, அழியவில்லை. கரை மிக அருகில் இருந்ததால் அங்கிருந்து புதிய ஈக்கள் பறந்து வந்துகொண்டே இருந்தன. சோதனைக்கு இன்னும் தொலைவான தீவு வேண்டும். அது எங்கே கிடைக்கும் என்று திகைத்திருந்தபோது ஒரு கடிதம் வந்தது.

கரீபியக் கடலின் குராசோ தீவிலிருந்து ஒரு கால்நடை அதிகாரி எழுதியிருந்தார். எங்கள் ஆடுமாடுகள் இந்த ஈயால் சாகின்றன, ஏதாவது வழி உண்டா என்று கேட்டிருந்தார். தீவைத் தேடிக்கொண்டிருந்தவர்களிடம் தீவே வந்து கதவைத் தட்டியது. 1954-இல் மலட்டு ஈக்களை விமானத்திலிருந்து குராசோ முழுக்கத் தூவினார்கள். சில மாதங்களுக்குள் அந்தத் தீவில் ஒரு புண் ஈகூட மிஞ்சவில்லை.

இந்தச் செய்தியைக் கையில் வைத்துக்கொண்டுதான் 1972-இல் ஒகினாவா ஆராய்ச்சியாளர்கள் வேலையில் இறங்கினார்கள். குமே தீவைத் தேர்ந்தெடுத்தார்கள். முதலில் ஈயை வளர்க்க வேண்டும், அதுவும் காயே இல்லாமல், தவிடு கலந்த செயற்கை உணவில். கூட்டுப்புழுப் பருவத்தில் கோபால்ட்-60 கதிர்களைச் சரியான அளவில் பாய்ச்ச வேண்டும். அளவு குறைந்தால் மலடாகாது. கூடினால் ஈ நோஞ்சானாகி, காட்டு ஈயோடு போட்டியிட முடியாது. 1975-இல் ஈக்களை வெளியே விடத் தொடங்கினார்கள். முதலில் விட்ட எண்ணிக்கை போதவில்லை. காட்டு ஈக்களின் கூட்டம் அசையாமல் நின்றது. எண்ணிக்கையைக் கூட்டினார்கள், மறுபடி கூட்டினார்கள். 1978-இல் குமே தீவில் ஈ ஒழிந்தது என்று அறிவித்தார்கள். ஒரு சிறு தீவுக்கே இத்தனை பாடு. மிச்சத் தீவுகள் கண்ணெதிரே கிடந்தன.

அதற்குப் பிறகு நடந்தது நினைத்தாலே மலைப்பாக இருக்கும் உழைப்பு. ஈ வளர்க்க ஒரு தொழிற்சாலையே கட்டினார்கள். குளிரூட்டி மயங்க வைத்த ஈக்களை ஹெலிகாப்டரில் ஏற்றித் தீவு தீவாகத் தூவினார்கள். 1987-இல் மியாக்கோ, 1989-இல் ஒகினாவாவுக்கு வடக்கே உள்ள அமாமி தீவுகள், 1990-இல் ஒகினாவா பெருந்தீவு என்று ஒவ்வொன்றாக விடுபட்டன. கடைசியாக, 1919-இல் ஈ முதன்முதலில் தென்பட்ட அதே யயேயாமா 1993-இல் விடுபட்டது. ஒகினாவாவில் மட்டும் விடப்பட்ட மலட்டு ஈக்கள் ஏறக்குறைய 5300 கோடி. ஒரு வேளைக் குழம்புக்கு ஆகும் காய்க்காக ஒரு சமூகம் இருபத்தொரு ஆண்டுகள் பொறுமை காத்தது. பாகற்காய் கப்பலேறியது. ஆனால் டோக்கியோ கடைகளில் அதை எடுத்துப் பார்த்தவர்கள், கரடுமுரடான தோலைக் கண்டும் கசப்பைக் கேள்விப்பட்டும் திரும்ப வைத்துவிட்டார்கள்.

விஞ்ஞானிகளால் முடியாததை ஒரு தொலைக்காட்சித் தொடர் செய்தது. 2001 ஏப்ரலில் என்.எச்.கே. நிறுவனத்தின் காலைத் தொடராக ‘சுராசான்’ தொடங்கியது. ஒகினாவாவின் சின்னஞ்சிறு கொஹாமா தீவில் வளரும் ஒரு பெண் டோக்கியோவுக்கு வந்து வாழ்க்கை அமைத்துக்கொள்ளும் கதை. அவளுடைய அண்ணன் எதிலும் உருப்படாதவன். பாகற்காய் உருவத்தில் கோயாமான் என்று ஒரு பொம்மையை உருவாக்கி, இதை விற்றே பணக்காரனாகிவிடுவேன் என்று குதிப்பான். கதையில் அது ஒன்றுகூட விலைபோகாமல் குவிந்து கிடக்கும். நிஜத்தில் நேர்மாறாக நடந்தது. பொம்மையை ஜப்பானியர்கள் ஆசையாக வாங்கினார்கள். தொடர் செப்டம்பரில் முடிவதற்குள் பாகற்காய் வீட்டுக்கு வீடு தெரிந்த பெயராகிவிட்டது. காய் விற்றது, நாற்றும் விற்றது. சமைப்பதற்கு மட்டுமே அதை வாங்கியவர்கள் யாரும், அந்தக் கொடிக்கு வேறொரு வேலை காத்திருக்கிறது என்று எண்ணிப் பார்க்கவில்லை.

அந்த வேலை டோக்கியோவின் வெயிலில் உருவாகிக்கொண்டிருந்தது. பசுமை சுருங்கி, கான்கிரீட்டும் தாரும் பகல் முழுக்க வெயிலைக் குடித்து இரவெல்லாம் கக்கும் நகரம் அது. அங்குள்ள பள்ளிக்கூடங்களின் நிலைமை இன்னும் மோசம். மெய்ஜி காலத்திலிருந்தே ஜப்பானியப் பள்ளிக் கட்டடத்துக்கு ஓர் எழுதாத இலக்கணம் உண்டு. வடக்கே நடைபாதை, தெற்கே வரிசையாக வகுப்பறைகள், வகுப்பறைகளுக்குப் பெரிய பெரிய சன்னல்கள். குளிர்காலத்தில் தாழ்ந்து சாயும் சூரியன் உள்ளே வந்து பிள்ளைகளைச் சூடேற்ற வேண்டும் என்ற அக்கறையில் பிறந்த அமைப்பு. கோடையில் அதே சன்னல்கள் எதிரியாகின. மாடியிலிருக்கும் வகுப்புகள் அடுப்பாயின. ஏசி போட்டுக்கொள்ளலாமே என்றால், 2000-ஆம் ஆண்டை ஒட்டிய காலத்தில் நாட்டின் பொதுத் தொடக்கப் பள்ளி வகுப்பறைகளில் பத்தில் ஒன்றுக்குக்கூட அந்த வசதி இல்லை. சன்னலுக்கு உள்ளே துணித் திரை போட்டுப் பயனில்லை; கண்ணாடியைத் தாண்டி வந்துவிட்ட வெப்பம் அறைக்குள்ளேயேதான் தங்கும். வெயிலைக் கண்ணாடிக்கு வெளியே நிறுத்த வேண்டும். அதுவும் கோடையில் மட்டும் நிற்க வேண்டும்; குளிர்காலம் வந்தால் தானாகவே விலகிவிட வேண்டும்.

இந்தப் புதிருக்கு விடை ஜப்பானியர்களின் கண்முன்னே முந்நூறு ஆண்டுகளுக்கும் மேலாகத் தொங்கிக்கொண்டிருந்தது. பதினேழாம் நூற்றாண்டில் குசுமி மோரிகாகே என்ற ஓவியர் ஒரு மடிப்புத் திரையில் ஓர் ஏழைக் குடும்பத்தை வரைந்தார். சுரைப்பந்தலுக்குக் கீழே பாய் விரித்து, அப்பா, அம்மா, பிள்ளை மூவரும் மாலைக் காற்று வாங்கிக்கொண்டிருக்கிறார்கள். இன்று அது நாட்டின் தேசியச் செல்வங்களில் ஒன்று. டோக்கியோ தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது. கொடிப்பந்தலின் நிழல் குளிர்ச்சி என்பது அந்தக் குடும்பத்துக்குத் தெரிந்திருந்தது. நம் கொல்லைப்புறத்துப் பாட்டிமார்களுக்கும் தெரியும். நகரம் அதை மறந்துவிட்டது.

பள்ளிக்கூடங்கள் மட்டும் பாதி நினைவில் வைத்திருந்தன. ஜப்பானில் முதல் வகுப்புப் பிள்ளைகள் ஆளுக்கொரு தொட்டியில் காலைமலர்க் கொடி வளர்ப்பது நெடுநாள் வழக்கம். நான்காம் வகுப்பு அறிவியலில் நுரைப்பீர்க்கு, பாகல் போன்ற கொடியொன்றை விதைத்து, இளவேனில் முதல் குளிர்காலம் வரை அது மாறுவதைக் குறித்து வைக்க வேண்டும். விதை இருந்தது, தொட்டி இருந்தது, தண்ணீர் ஊற்றப் பிஞ்சுக் கைகள் இருந்தன. கொடிகளோ குச்சியளவு உயரத்தில் நின்றுகொண்டிருந்தன. அவற்றை மாடி வரை ஏற்றிவிட யாருக்கும் நேரமில்லை. பாடத்திட்டத்தில் அதற்கு இடமும் இல்லை.

இடம் எதிர்பாராமல் கிடைத்தது. 2002 ஏப்ரலில் ஜப்பான் தன் பாடத்திட்டத்தைத் தளர்த்தியது. சனிக்கிழமை வகுப்பு நின்றது. மூன்றாம் வகுப்பு முதல் ஆறாம் வகுப்பு வரை ஆண்டுக்கு நூறு பாடவேளைகளுக்கும் சற்று அதிகமாக ஒருங்கிணைந்த கற்றல் என்றொரு நேரம் ஒதுக்கப்பட்டது. அதற்குப் பாடநூல் கிடையாது. எதைக் கற்பிப்பது என்பதைப் பள்ளியே முடிவு செய்துகொள்ள வேண்டும். பாடநூலைப் பிடித்தே பழகிய ஆசிரியர்கள் பலருக்கு அது தலைவலியாக இருந்தது. இந்த நேரத்தை வைத்துக்கொண்டு என்னதான் செய்வது?

டோக்கியோவின் வடமேற்கில் இருக்கும் இதாபாஷி வட்டாரத்தின் ஏழாம் தொடக்கப் பள்ளியில் ஓர் ஆசிரியை 2003-இல் விடை சொன்னார். வகுப்பறை வேகிறதா? அதையே பாடமாக்குவோம். பிள்ளைகளும் ஆசிரியர்களுமாகப் பள்ளிச் சுவருக்கு முன்னால் வலை கட்டி, அதன்மேல் கொடிகளை ஏற்றத் தொடங்கினார்கள். தொட்டியில் வளர்ந்த பாடம் சுவரில் ஏறியது.

கேட்பதற்கு எளிது, இறங்கிச் செய்தால்தான் சிரமம் தெரியும். கட்டடத்தை ஒட்டிய தரை பெரும்பாலும் சிமென்ட். மண்ணைப் பெரிய தொட்டிகளில் கொண்டுவர வேண்டும். மாடிகளைத் தாண்டும் கொடிக்குச் சிறு தொட்டி போதாது; மண் குறைந்தால் ஆகஸ்டில் கொடி நடுவழியில் காய்ந்துபோகும். வலையின் கண் ஏறக்குறைய பத்து சென்டிமீட்டர் இருக்க வேண்டும்; சிறிதானால் காய் சிக்கும், பெரிதானால் கொடி பற்றாது. வலை தொய்யக் கூடாது. செப்டம்பரில் வரும் புயல், தொய்ந்த வலையைப் பாய்மரம் போல ஊதிக் கம்பத்தோடு பெயர்த்துவிடும். கொடி சற்று வளர்ந்ததும் நுனியைக் கிள்ள வேண்டும். பிள்ளைகளுக்கு இது மனசு வராத வேலை. ஆசையாக வளர்த்ததைக் கிள்ளச் சொன்னால் யாருக்குத்தான் கை வரும்? ஆனால் கிள்ளினால்தான் பக்கக் கிளைகள் விட்டுக் கொடி அகலமாகப் படரும். கிள்ளாத கொடி ஒற்றைக் கயிறாக மேலே ஓடிவிடும். கீழே நிழல் விழாது.

இவற்றையெல்லாம்விடப் பெரிய சிக்கல் ஒன்று உண்டு. கொடிக்குத் தண்ணீர் மிக அதிகமாக வேண்டியது ஜூலைக் கடைசியிலும் ஆகஸ்டிலும்தான். அப்போது பள்ளிக்குக் கோடை விடுமுறை. ஆளில்லாத பள்ளியில் ஒரு வாரம் நீர் நின்றால் போதும், மூன்று மாத உழைப்பு சருகாகிவிடும். ஆகவே கொடி வளர்க்கும் பள்ளி, முறை வைத்து நீரூற்றக் குடும்பங்களைச் சேர்த்தாக வேண்டும். அக்கம்பக்கத்தாரின் உதவியை நாட வேண்டும். வகுப்பறைக்குள் முடிந்திருக்க வேண்டிய பாடம் இப்படித்தான் மதிலைத் தாண்டித் தெருவுக்கு வந்தது. இந்த முயற்சி ஒரு பள்ளியோடு நின்றுபோகாததற்குக் காரணம் இந்தத் தொல்லைதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

ஆனால் 2003-இன் வானிலை வேறு கணக்குப் போட்டது. மழைக்காலம் முடியாமல் நீண்டது. டோக்கியோவின் ஜூலைச் சராசரி வெப்பம் 23 டிகிரியைக்கூடத் தொடவில்லை. நாடு முழுக்க நெல் விளைச்சல் விழுந்தது. வெயிலை மறைக்கக் கொடி ஏற்றிய ஆண்டில் வெயிலே வரவில்லை. வெப்பத்தை விரும்பும் பாகல், பீர்க்கு வகைகளுக்கோ குளிர்ந்த ஜூலை ஆகவே ஆகாது. இப்படியொரு தொடக்கத்துக்குப் பிறகு, நல்ல எண்ணம்தான், ஆனால் பயனில்லை என்று கைகழுவிவிட எல்லா நியாயமும் இருந்தது.

மறு ஆண்டு நிலைமை தலைகீழானது. 2004 ஜூலை 20 அன்று டோக்கியோவில் வெப்பமானி 39.5 டிகிரியைக் காட்டியது. அதுவரை அந்த நகரம் கண்டிராத உச்சம். அந்த ஆண்டில் 30 டிகிரியைத் தாண்டிய நாட்கள் மட்டும் எழுபது. இப்போது இலைகளுக்குப் பின்னால் இருந்த வகுப்பறைக்கும் வெறுஞ்சன்னல் வகுப்பறைக்கும் உள்ள வேறுபாட்டைச் சொல்ல எந்தக் கருவியும் வேண்டியதில்லை. உள்ளே நுழைந்தாலே தோல் சொல்லிவிடும்.

ஏன் இத்தனை வேறுபாடு? மூங்கில் தட்டி தொங்கவிட்டாலும் நிழல் கிடைக்கும். ஆனால் தட்டி வெயிலில் சூடேறும். அந்தச் சூட்டை அறைப் பக்கமே திருப்பி அனுப்பும். இலை அப்படிச் சூடேறுவதில்லை. வேர் இழுத்த நீரைத் தன் துளைகள் வழியே ஆவியாக்கிக்கொண்டே இருக்கிறது. ஒரு லிட்டர் நீர் ஆவியாகும்போது ஏறக்குறைய 0.68 கிலோவாட் மணி அளவு வெப்பத்தைச் சுற்றுப்புறத்திலிருந்து எடுத்துக்கொள்கிறது. பெரிய கொடி ஒரு கோடை நாளில் பல லிட்டர் குடிக்கும். அத்தனையும் சன்னலுக்கு வெளியிலேயே நடக்கிறது. மின்சாரம் கிடையாது, இரைச்சல் கிடையாது, தெருவில் போகிறவர்கள்மேல் வெந்நீராவி போன்ற காற்றை ஊதுவதும் கிடையாது. பிள்ளைகள் வெப்பமானியை வைத்து அளந்து வரைபடம் போடும்போது, அறிவியல், கணக்கு, மொழி எல்லாம் அதற்குள் வந்து சேர்ந்துவிடுகின்றன. ஒருங்கிணைந்த கற்றல் நேரத்தை உருவாக்கியவர்கள் கனவு கண்டது இதைத்தான்.

2005 பிப்ரவரியில், புவியைச் சூடாக்கும் வாயுக்களைக் குறைப்பதற்கான கியோட்டோ ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்தது. அதே ஆண்டின் கோடையில் அரசு அலுவலகங்களில் டையைக் கழற்றி, ஏசியை 28 டிகிரியில் வைக்கச் சொன்ன இயக்கமும் தொடங்கியது. கார்பனைக் குறைக்க வேண்டும், ஆனால் கைக்கு எட்டுகிற வழி வேண்டும் என்று தேடிய ஊராட்சிகளின் கண்ணில் இதாபாஷியின் சுவர் பட்டது. வட்டாரத்தின் பிற பள்ளிகள், பொதுக் கட்டடங்கள் என்று கொடி பரவியது. 2007-இல் கியோசெரா நிறுவனம் நாகனோ மாநிலத்தில் உள்ள தன் ஒகாயா ஆலையின் சுவரில் பாகற்கொடி ஏற்றியது. நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. ஆனாலும் அது ஆர்வம் உள்ளவர்களின் வேலையாகவே இருந்தது. அதை ஒரு நாட்டின் அவசரத் தேவையாக்கியது 2011 மார்ச் 11.

நிலநடுக்கமும் ஆழிப்பேரலையும் புகுஷிமா அணு உலைகளை முடக்கின. சில நாட்களிலேயே டோக்கியோவைச் சுற்றி முறைவைத்து மின்வெட்டு தொடங்கியது. ஜூலை முதல் பெரிய மின்நுகர்வோர் 15 சதவீதம் குறைத்தாக வேண்டும் என்று சட்டப்படி ஆணை வந்தது. கோடை வந்துகொண்டிருக்கிறது, ஏசியைப் போட முடியாது. என்ன செய்வது என்று தவித்த மக்களுக்கு, எட்டு ஆண்டுகளுக்கு முன் ஒரு தொடக்கப் பள்ளி செய்து காட்டிய வழி ஆயத்தமாக இருந்தது. அந்த இளவேனிலில் தோட்டக் கடைகளில் பாகல் நாற்றுக்கும் வலைக்கும் அடிதடி. நகராட்சிகள் விதை வழங்கின. வீட்டு மாடிகள், மருத்துவமனைகள், அலுவலகங்கள் எல்லாம் பச்சை போர்த்தின. ஆழிப்பேரலையில் வீடிழந்தவர்கள் தங்கிய தற்காலிகக் குடியிருப்புகளின் வேகும் சுவர்களிலும் அந்தக் கொடிகள் ஏறின. உடைமையெல்லாம் போன பிறகு, காலையில் எழுந்து தண்ணீர் ஊற்ற ஒன்று இருந்தது.

ஜப்பானியர்கள் அதைப் பச்சைத் திரை என்கிறார்கள். இன்று மே மாதத்தில் எந்தத் தோட்டக் கடைக்குள் நுழைந்தாலும் அதற்கான வலை, கம்பம், ஆழமான தொட்டி, நாற்று எல்லாம் ஒரே அடுக்கில் இருக்கும். ஊராட்சிகள் சிறந்த திரைக்குப் போட்டி நடத்திப் பரிசு கொடுக்கின்றன. எப்போதும் இருந்த பழக்கம்போல இளையவர்கள் அதைக் கடந்து போகிறார்கள். அந்தச் சுவரில் பாகற்கொடி ஏற, 5300 கோடி ஈக்கள் பறக்க வேண்டியிருந்தது என்பது அவர்களில் எத்தனை பேருக்குத் தெரியுமோ!

பச்சைத் திரைக்குக் கடைசிச் சோதனை 2018-இல் வந்தது. அந்த ஜூலையில் ஐச்சி மாநிலத்தில் வெளியே அழைத்துச் செல்லப்பட்டுத் திரும்பிய முதல் வகுப்புக் குழந்தை ஒன்று வெப்பத் தாக்கத்தால் இறந்தது. சில நாட்களில் குமகாயா நகரில் வெப்பம் 41.1 டிகிரியை எட்டியது. நாடு அதிர்ந்தது. அதற்கு முந்தைய ஆண்டில் பொதுப் பள்ளி வகுப்பறைகளில் பாதிக்கும் சற்றுக் குறைவாகவே ஏசி இருந்தது. அரசு அவசர நிதி ஒதுக்கியது. இரண்டே ஆண்டுகளில், 2020-இல், அந்த அளவு ஏறக்குறைய 93 சதவீதமானது. செய்தே ஆக வேண்டிய செலவு அது. 41 டிகிரி வெயிலில் குழந்தைகளை இலைகளை மட்டும் நம்பி உட்கார வைப்பதை யாரும் ஏற்க முடியாது. இனி எதற்கு வலையும் தொட்டியும் என்ற கேள்வி ஒவ்வொரு பள்ளியிலும் எழுந்தது.

திரை தேவையில்லை என்று விட்ட பள்ளிகளும் உண்டு. ஆனால் பலர் வேறு விதமாகப் பார்த்தார்கள். இலை மறைத்த சன்னலுக்குப் பின்னால் ஏசி குறைவாக உழைக்கிறது. மின்கட்டணமும் புகையும் குறைகின்றன. அந்த நியாயத்துக்கு அப்பால் எனக்குப் பெரிதாகப்படுவது வேறொன்று. ஏசியின் பொத்தானை அழுத்தக் குழந்தைக்கு ஒரு நொடி போதும். அதில் தெரிந்துகொள்ள ஒன்றுமில்லை. கொடி ஏற்றிய குழந்தைக்கோ தன் வகுப்பறை ஏன் குளிர்ந்தது என்று தெரியும், அதற்கு எத்தனை வாளி நீர் போனது என்றும் தெரியும்.

மே மாதத் தொடக்கத்தில் ஆண்டுதோறும் வரும் ஒரு வாரத் தொடர் விடுமுறை முடிந்த கையோடு, நாற்றுகளைத் தொட்டிக்கு மாற்றுகிறார்கள். ஜூன் மழையில் கொடி வலையைப் பற்றுகிறது. ஜூலை நடுவில் முதல் மாடிச் சன்னல் மறைகிறது. மஞ்சள் பூக்களைத் தேடித் தேனீ வருகிறது. கொடியிலேயே பழுக்கவிட்ட காய் ஆரஞ்சு நிறத்தில் வெடித்து, உள்ளே சிவப்புச் சதை போர்த்திய விதைகளைக் காட்டும்போது, கூட்டமே கூடி நின்று பார்க்கிறது. அவற்றைக் கழுவி உலர்த்தி உறையில் போட்டு அடுத்த வகுப்புக்கு எழுதி வைக்கிறார்கள். பறித்த பச்சைக் காய்கள் சமையலறைக்குப் போகின்றன. கசப்பு என்று தட்டை நகர்த்தும் பிள்ளைகள்கூட, தாங்கள் நீரூற்றி வளர்த்த காய் என்பதால் ஒரு துண்டை எடுத்துக் கடித்துப் பார்க்கிறார்கள்.